புரூக்ளின் நாட்குறிப்பு: ஐந்தாவது வரி

அக்டோபர் 23, 2018, செவ்வாய்

மகள் வீடு புரூக்ளினில், ஷீப்ஸ்ஹெட் பே பக்கம். வந்து ஐந்து நாள் ஆகிறது, தூக்கம் இன்னும் ஊர்க் கணக்கில்தான் வருகிறது. நாலு மணிக்கே முழிப்புத் தட்டிவிட்டது. விடிந்ததும் பிரைட்டன் பீச் வரை நடந்துவிட்டு வந்தேன். தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் ரயில் தடதடவென்று ஓடுகிறது, அதன் நிழலில் கடைத்தெரு. பெயர்ப்பலகைகளில் பாதிக்கு மேல் ரஷ்ய எழுத்து. மருந்துக்கடைக்கு ‘ஆப்தேகா’, புத்தகக்கடைக்கு ‘க்னீகி’ என்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். சென்னையில் வங்கி வேலையில் சேர்ந்த புதிதில், மாலை நேரத்தில் கஸ்தூரி ரங்கா சாலையில் இருந்த சோவியத் கலாச்சார மையத்தில் இரண்டு வருடம் ரஷ்ய மொழி படித்தேன். முப்பத்தைந்து வருடம் கழித்து அது கைகொடுக்கிறது.

எனக்கு ஏன் ரஷ்ய மொழி என்று புதிதாக வாசிக்கிறவர்கள் கேட்கலாம். அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்துக்காரர். வீட்டுக்குச் ‘சோவியத் நாடு’ இதழ் வரும். வழுவழுப்பான அதன் தாளில்தான் என் பள்ளி நோட்டுகளுக்கெல்லாம் அட்டை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) புத்தகக் கண்காட்சி போட்டால், மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இரண்டோ மூன்றோ வீட்டுக்கு வந்துவிடும். கெட்டி அட்டை, விலை மலிவு, பிரித்தால் ஒரு தனி வாசனை. பனியும் பிர்ச் மரமும் சமோவாரும் எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

மேல் மாடியில் எண்பத்திரண்டு வயது அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். படிக்கட்டில் பார்த்து ரஷ்ய மொழியில் காலை வணக்கம் சொன்னேன். அப்படியே நின்றுவிட்டார். “இந்தியரா? எங்கே படித்தீர்கள்?” என்றார். நாளைக்கு டீ குடிக்க வரச் சொல்லியிருக்கிறார். பெயரோடு தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழைப்பதுதான் அவர்கள் வழக்கத்தில் மரியாதை, நேரில் அப்படித்தான் அழைக்கிறேன். இங்கே மேல்வீட்டு அம்மா என்றே எழுதுகிறேன்.

அக்டோபர் 24, புதன்

டீ என்றால் ஒரு டம்ளர் டீ இல்லை. கருப்பு ரொட்டி, வெண்ணெய், செர்ரிப்பழ ஜாம், வேகவைத்த முட்டை, ஹெர்ரிங் மீன். போதும் என்று சொல்லச் சொல்ல வைத்துக்கொண்டே இருந்தார். நம் ஊர்ப் பெரியம்மாக்கள் மாதிரியேதான்.

அவர் பிறந்தது 1936, விதெப்ஸ்க், யூதக் குடும்பம். இன்றைக்கு பெலாரஸில் இருக்கும் ஊர். 1941 ஜூலை 11ஆம் தேதி ஜெர்மன் படை அந்த ஊரைப் பிடித்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் அம்மாவும் மகளும் கிழக்கே போகும் சரக்கு ரயிலில் ஏறியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தது தாஷ்கண்ட். அப்பா போர்முனைக்குப் போனவர் திரும்பவில்லை. தாத்தாவும் பாட்டியும், “ஜெர்மன்காரர்களை முதல் உலகப் போரிலேயே பார்த்திருக்கிறோம், நாகரிகமானவர்கள்” என்று சொல்லி ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அந்த அக்டோபரிலேயே யூதர்களுக்கென்று ஒதுக்கிய விதெப்ஸ்க் கெட்டோ பகுதியில் அடைக்கப்பட்டிருந்தவர்களை வெளியே கொண்டுபோய்ச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். போருக்குப் பின் அப்படிப்பட்ட இடங்களில் சோவியத் அரசு வைத்த நினைவுக்கற்களில் ‘அமைதியான சோவியத் குடிமக்கள்’ என்றுதான் பொறித்திருக்கும். யூதர்கள் என்ற சொல் இருக்காது.

ஆனால் உயிரோடு இருப்பவர்களின் பத்திரங்களில் அந்தச் சொல் தவறாமல் இருக்கும். பதினாறு வயதானால் சோவியத் குடிமக்களுக்கு உள்நாட்டுப் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். அதில் தேசிய இனம் என்று ஓர் இடம். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் படிவத்தில் அது ஐந்தாவது வரி. அதனால் பேச்சுவழக்கில் ‘ஐந்தாவது வரி’ என்று சொன்னாலே போதும், இன்னார் யூதர், இந்தக் கல்லூரியில் இடம் கிடைக்காது, அந்த வேலை கிடைக்காது என்று எல்லோருக்கும் புரியும். “எங்களுக்கு வேதம் தெரியாது, பண்டிகை தெரியாது, மொழி தெரியாது. ஐந்தாவது வரி மட்டும் தெரியும்” என்றார்.

அவருக்குப் பாஸ்போர்ட் கிடைத்த வருடம் 1952. அதே வருடம் ஆகஸ்ட் 12ஆம் தேதி இரவு மாஸ்கோவில் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். யூத மக்களின் பேச்சுமொழியான யித்திஷில் எழுதிய பெரிய எழுத்தாளர்கள் அதில் ஐந்து பேர்: பெரெட்ஸ் மார்கிஷ், தாவித் பெர்கெல்சன், லெய்ப் க்விட்கோ, தாவித் ஹோஃப்ஷ்டெய்ன், இட்ஸிக் ஃபெஃபெர். எங்கள் வீட்டில் மாஸ்கோ அச்சில் எத்தனையோ முன்னுரைகளைப் படித்திருக்கிறேன். இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட அவற்றில் பார்த்த நினைவில்லை. அந்தப் புத்தகங்களை நேசித்ததற்காக வருந்தவில்லை, இனியும் நேசிப்பேன். ஆனால் இது தெரியாமலே அறுபது வயது தாண்டிவிட்டேன் என்பது மனதை அறுக்கிறது.

1989இல் கிளம்பினார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி. பணம் கட்டிக் குடியுரிமையைத் துறந்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். ரயிலில் வியன்னா, அங்கிருந்து இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் லாடிஸ்போலி என்ற கடற்கரை ஊர். அமெரிக்க விசா வரும்வரை மாதக்கணக்கில் அங்கே காத்திருந்தார்கள். கொண்டுவந்த கேமராவையும் படுக்கை விரிப்பையும் சந்தையில் விற்றுச் சாப்பிட்டிருக்கிறார்கள். வழி நெடுக அவர்கள் பத்திரங்களையும் வாடகையையும் பார்த்துக்கொண்டது ஹையாஸ் என்ற யூத உதவி அமைப்பு. 1881இல் இதே ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக நியூயார்க்கில் தொடங்கியது. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவருடைய அம்மாவின் பள்ளிச் சான்றிதழ், விதெப்ஸ்க், 1929. மடித்த இடங்களில் இற்றுப்போய் நாலு துண்டாகப் பிரியும் நிலை. தாஷ்கண்ட் போன ரயிலில் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுபோனதாம். முத்திரையில் சுத்தியலும் அரிவாளும், ‘உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்’ என்ற வாசகம் நாலு மொழியில். பெலாரஸ் குடியரசில் அப்போது பெலாரஷ்யன், ரஷ்யன், போலிஷ், யித்திஷ் நாலுமே அரசு மொழிகள். யித்திஷ் வழியில் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பள்ளிகள் இருந்தன. முப்பதுகளின் கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். முத்திரைக்கு மேலே உள்ளதெல்லாம் யித்திஷ், அதற்குரிய எபிரேய எழுத்தில், கையால் எழுதியது. மேல்வீட்டு அம்மாவுக்கு அதில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

“இந்த ஊரில் யித்திஷ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே, யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாமே?” என்று கேட்டேன்.

“யாரிடமும் காட்டாதே என்று அம்மா சொல்லியிருந்தாள்” என்றார்.

அக்டோபர் 25, வியாழன்

அந்த அம்மாவின் பேரன் ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான், எனக்கும் சேர்த்து. இடம் மன்ஹாட்டனின் தென்கோடியில் உள்ள யூதப் பாரம்பரிய அருங்காட்சியகம். இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வோமே என்று இன்று தனியாகப் போனேன்.

1997இல் திறந்தது. ஆறு பக்கக் கட்டிடம், கூரையும் ஆறு அடுக்கு. நாஜிகளால் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களுக்கும், யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தின் ஆறு முனைக்கும் அது கணக்கு. இரண்டாவது மாடியில் கடலைப் பார்த்தபடி ஒரு தோட்டம், ஆண்டி கோல்ட்ஸ்வர்த்தி என்ற சிற்பி 2003இல் அமைத்தது. 18 பாறைகள். ஒவ்வொன்றின் நடுவையும் தீயால் குடைந்து, மண் நிரப்பி, குட்டை ஓக் கன்று நட்டிருக்கிறார்கள். எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, உயிர் என்ற சொல்லைக் கூட்டினால் 18. கன்றுகளை நட்டவர்களில் முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்களும் இருந்தார்கள். பதினைந்து வருடத்தில் மரங்கள் பெரிதாகிவிடவில்லை. பாறைக்குள் வேர் எங்கே போகும்? ஆனாலும் இலை விட்டிருக்கிறது, இலையுதிர்காலம் என்பதால் நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது. ஒரு பாறையில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் சுதந்திர தேவி சிலையும், ஒரு காலத்தில் கப்பலில் வந்தவர்களை இறக்கிச் சோதித்த எல்லிஸ் தீவும் தெரிகின்றன. இந்த அருங்காட்சியகத்தை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இந்த நகரத்தில் இல்லை.

கீழே டிக்கெட் வரிசையில் ஆங்கிலத்துக்குச் சமமாக ரஷ்ய மொழியும் காதில் விழுந்தது.

அக்டோபர் 26, வெள்ளி

வெளியே எங்கும் போகவில்லை. நாளைக்குக் கடும் மழையும் காற்றும் என்கிறார்கள். மகள் வாங்கிவந்த பீட்ரூட்டில் பொரியல் வைத்து மேல்வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். தேங்காய்ப்பூ போட்ட பீட்ரூட் அவருக்குப் பெரிய ஆச்சரியம். பாத்திரம் வெறுமனே திரும்பி வரவில்லை, போர்ஷ்ட் சூப்போடு வந்தது.

அக்டோபர் 27, சனி

மனது சரியில்லை. எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஐந்தாம் அவென்யூவில் 92ஆம் தெரு முனையில் இருக்கும் யூத அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமைகளில் கட்டணம் இல்லை. ஓய்வுநாளில் பணம் கைமாறக் கூடாது என்பதால் அப்படி. அங்கே இப்போது ஷகால், லிஸிட்ஸ்கி, மலேவிச் என்ற மூன்று ஓவியர்களும் 1918 முதல் 1922 வரை விதெப்ஸ்கில் செய்த வேலைகளின் கண்காட்சி நடக்கிறது. சொந்த ஊர்ப் பெயரில் கண்காட்சி என்றால் மேல்வீட்டு அம்மா விடுவாரா? அவருக்குத் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதில் லெனின்கிராடில் ஓவிய ஆசிரியையாக இருந்த ஒருவர்தான் ஒவ்வொரு படத்தின் முன்னும் தணிந்த குரலில் ரஷ்ய மொழியில் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். கொட்டுகிற மழையில் பேரன்தான் காரில் கொண்டுபோய் விட்டான்.

கதை இது. புரட்சி முடிந்ததும் மார்க் ஷகாலைச் சொந்த ஊருக்கே கலைத்துறை ஆணையராகப் போட்டார்கள். அவர் அங்கே மக்கள் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கட்டணம் கிடையாது, ஏழைப் பிள்ளைகள் வந்து படித்தார்கள். லிஸிட்ஸ்கியையும் மலேவிச்சையும் ஆசிரியர்களாக வரவழைத்தார். மலேவிச் வந்ததும் மாணவர்கள் வட்டமும் சதுரமுமாக வரையத் தொடங்கிவிட்டார்கள், சட்டைக் கையில் கருப்புச் சதுரம் தைத்துக்கொண்டு திரிந்தார்கள். தான் கட்டிய பள்ளியில் தன் வகுப்பு காலியானதைப் பார்த்து, 1920இல் ஷகால் ஊரைவிட்டே போனார்.

ஷகாலும் மனைவி பெல்லாவும் இருக்கும் ஒரு படம், ஆளைவிட உயரம். பெல்லாவின் தோளில் ஷகால் உட்கார்ந்து ஒயின் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். இருவருக்கும் கீழே ஆறும் பாலமும் ஊரும் சின்னதாகத் தெரிகின்றன. மேல்வீட்டு அம்மா ஜோடியைப் பார்க்கவே இல்லை. குனிந்து படத்தின் அடிப்பகுதியைப் பார்த்தார். “த்வினா” என்றார். ஆற்றின் பெயர். விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டு, “நாங்கள் இந்தப் பக்கம் குடியிருந்தோம்” என்றார். இந்த ஓவியரைப் பற்றி விதெப்ஸ்க் பள்ளியில் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதலில் கேள்விப்பட்டபோது முப்பது வயதுக்கு மேல். ஷகால் 1973இல் சோவியத் நாட்டுக்கு வந்து மாஸ்கோவும் லெனின்கிராடும் பார்த்துவிட்டுப் போனார், விதெப்ஸ்க் போகவில்லை. மாஸ்கோவில் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்தது 1987இல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. ஊரில் அந்தப் பெயரைத் தைரியமாகச் சொல்ல ஆரம்பித்தபோது இந்த அம்மா புரூக்ளினில் இருந்தார். தன் ஊர் ஓவியனைப் பார்க்க ஒரு மனுஷி கடல் தாண்டி வரவேண்டியிருந்தது.

அடுத்த அறைக்குப் போகும்போது என் போன் அதிர்ந்தது. மகள். “அப்பா, எங்க இருக்கீங்க? உடனே வீட்டுக்கு வந்துருங்கப்பா.” பிட்ஸ்பர்க்கில் ஒரு யூத வழிபாட்டுக் கூடத்தில் காலைத் தொழுகை நேரத்தில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்துவிட்டானாம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் போன்களும் ஒவ்வொன்றாக ஒலித்தன. ஆசிரியை அம்மா பேச்சை நிறுத்தினார். யாரும் கத்தவில்லை. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவர்தான், “மிச்சத்தையும் பார்த்துவிட்டுப் போவோம்” என்றார். பார்த்துவிட்டுத்தான் வந்தோம். எனக்குக் கடைசி இரண்டு அறைகளில் என்ன இருந்தது என்றே நினைவில்லை.

இரவு முழு விவரம் வந்துவிட்டது. 11 பேர் இறந்துபோனார்கள். சுட்டவன் உள்ளே போவதற்குச் சற்று முன்பு இணையத்தில் எழுதிய வரியில் ஓர் அமைப்பின் பெயர் இருந்தது. ஹையாஸ். அகதிகளை உள்ளே கொண்டுவருகிறது என்று அதன்மேல் அவனுக்கு ஆத்திரம். புதன்கிழமை நெஞ்சில் வைத்த கையை நினைத்துக்கொண்டேன். மேலே விளக்கு எரிகிறது. டிவி சத்தம் கேட்கிறது. போய்க் கதவைத் தட்டினேன். “நாளைக்குப் போகிறோமா?” என்று கேட்டேன். “ஏன் போகாமல்?” என்றார்.

அக்டோபர் 28, ஞாயிறு

வாசலில் போலீஸ் வண்டி. பைகளைத் திறந்து பார்த்து, ஸ்கேனர் வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். வரிசையில் யாருக்கும் முணுமுணுப்பு இல்லை.

நாடகம் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’. 1964இல் பிராட்வேயில் ஆங்கிலத்தில் வந்து உலகம் சுற்றிய இசை நாடகம். இதன் மூலக் கதைகளை எழுதியவர் ஷோலெம் அலெய்கெம். உக்ரைனில் பிறந்து, யித்திஷில் எழுதி, 1916இல் இந்த நியூயார்க்கில்தான் கண்மூடினார். அவர் இறுதி ஊர்வலத்தில் லட்சம் பேருக்கு மேல் நடந்திருக்கிறார்கள். ஷ்ரகா ஃப்ரீட்மன் என்பவர் நாடகத்தை யித்திஷில் மொழிபெயர்க்க, 1965இல் இஸ்ரேலில் மேடை ஏறியது. அமெரிக்காவில் அந்த வடிவம் வருவது இதுதான் முதல் தடவை. நடத்துவது 1915இலிருந்து விடாமல் இயங்கும் ஃபோல்க்ஸ்பீனே நாடகக் குழு. இயக்கம் ஜோயல் கிரே. நடிகர்களில் பெரும்பாலோருக்கு யித்திஷ் தெரியாது, வசனத்தை ஓசை ஓசையாகக் கற்றுக்கொண்டு பேசுகிறார்கள். மொழி தெரியாத ஜனங்களுக்காக வசனம் மேலே ஒளியெழுத்தில் ஓடுகிறது, இரண்டு மொழியில்: ஆங்கிலம், ரஷ்யன்.

அந்த ரஷ்ய எழுத்துக்காகத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது. பிரைட்டனிலிருந்தும் ஷீப்ஸ்ஹெட் பேயிலிருந்தும் நல்ல கோட்டும் லிப்ஸ்டிக்குமாக வந்த பாட்டிமார். ஷோலெம் அலெய்கெமின் ஆறு தொகுதி ரஷ்ய மொழிபெயர்ப்பு 1959இலிருந்து சோவியத்தில் வந்தது, யூத வீடுகளில் அதை வாங்கி அலமாரியில் வைத்திருப்பார்களாம். அவர்கள் வீட்டுக்குள் தைரியமாக வைத்துக்கொள்ள முடிந்த யூத அடையாளம் அது ஒன்றுதான் என்று பேரன் சொன்னான். இந்த நாடகத்தின் நாயகனான பால்காரன் தெவ்யேவின் இதே கதையை 1938இல் மாஸ்கோவில் சாலமன் மிகோயெல்ஸ் என்ற நடிகர் யித்திஷிலேயே நடித்தார். 1948இல் மின்ஸ்கில் அவரைக் கொன்று, வண்டி மோதி இறந்ததாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவருடைய நாடக அரங்கையும் மூடினார்கள். இந்தக் கூட்டம் விட்ட இடத்திலிருந்து எழுபது வருடம் கழித்து உட்கார்ந்து கேட்கிறது.

மேடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பழுப்புக் காகிதம் மாதிரித் திரைகள், நடுவில் எபிரேய எழுத்தில் ‘தோரா’ என்ற ஒரே சொல், யூத வேதத்தின் பெயர். ஸ்டீவன் ஸ்கைபெல் தெவ்யேவாக வந்து நின்று, கடவுளிடம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினார். பணக்காரனாக இருந்தால் என்ற பாட்டு யித்திஷில், பெரும் பணக்கார யூத வங்கிக் குடும்பத்தின் பெயரை வைத்து, ‘நான் ரோத்ஷீல்டாக இருந்தால்’ என்று மாறியிருக்கிறது. கல்யாண வீட்டில் கலவரக்காரர்கள் புகுந்ததும் அந்தத் ‘தோரா’ திரையை நடுவே கிழித்தார்கள். நேற்றைய செய்தியோடு வந்திருந்த அரங்கம் அது. கிழியும் சத்தம் முடிந்தபின் இருமல்கூடக் கேட்கவில்லை. இடைவேளைக்கு விளக்குப் போட்டும் பல பேர் எழுந்திருக்கவில்லை.

மேல்வீட்டு அம்மா படம் ஓடும் பக்கம் பார்ப்பதுபோல ரஷ்ய எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டார். “சில சொல் எழுத்து வருவதற்கு முன்னாலேயே புரிகிறது. பாட்டி சமையலறையில் பேசியது. எனக்கு அப்போது நாலு வயது, ஐந்து வயது. இத்தனை நாள் எங்கே இருந்தது இது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

எங்களுக்கு முன்வரிசையில் ஓர் இளம்பெண். ஒளியெழுத்து வருவதற்கு முந்தியே எல்லா இடத்திலும் சிரித்தவள். அதை இந்த அம்மா கவனித்து வைத்திருக்கிறார். நாடகம் முடிந்து, கிழிந்த திரை மறுபடி தைத்துத் தொங்க, அரங்கமே எழுந்து நின்று கைதட்டி ஓய்ந்தபின், வெளிக்கூடத்தில் அவளைத் தேடிப் போய்ப் பேரனை விட்டுக் கேட்கச் சொன்னார். கல்லூரியில் யித்திஷ் படிக்கிறாளாம். அம்மா கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்கும் தெரியாது, பேரனுக்கும் தெரியாது.

அந்தப் பெண் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நிதானமாகப் படித்தாள். பெயர், தகப்பனார் பெயர், ஏழு வருடப் பள்ளி, விதெப்ஸ்க். பிறகு பாடங்கள். யித்திஷ்: மிக நன்று. கணக்கு: நன்று. இயற்கை அறிவியல்: நன்று. பாட்டு: மிக நன்று. ரஷ்யன்: சுமார்.

“என்னது?”

“ரஷ்யன், சுமார்” என்று பேரன் மறுபடி சொன்னான்.

“என் அம்மா என் ரஷ்யக் கட்டுரையெல்லாம் சிவப்பு மையில் திருத்துவாள்” என்றார் மேல்வீட்டு அம்மா. “ஒரு காற்புள்ளி தப்பினால் விடமாட்டாள். வீட்டில் ரஷ்யன் தவிர ஒரு வார்த்தை வேறு மொழி வந்ததில்லை.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணிடம், பேரனை இடையில் விடாமல், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்: அதில் எழுதியிருக்கும் மொழியிலேயே படிக்க முடியுமா?

அவள் படித்தாள். பாட்டுக்கு வந்ததும் அந்த அம்மா அவளோடு சேர்ந்து சொன்னார்: ஸெயர் குட்.

நாளைக் காலையில் நூலகத்துக்குப் போய் அதை நாலு நகல் எடுத்து வர வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மகனுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.